பாட்டு எப்போதான் தொடங்கும்?

போன இதழில் 'பிங்க் ஃபிளாய்ட்' என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தைப் பற்றி, குறிப்பாக அதன் முதல் பாட்டான 'ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்' பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். 1975 செப்டம்பர் 12-ல் லண்டனில் வெளிவந்த ஆல்பம், 50 வருஷம் கடந்தும் அந்த முதல் பாட்டின் கனம் குறையவில்லை என்பதுதான் நான் சொன்னது. வழக்கமாக இந்தப் பகுதிக்கு சினிமாப் பாட்டுக் கேள்விகள்தான் வந்து குவியும். இந்த முறை தொண்டி முதல் சாயல்குடி வரை நம் கடற்கரை ஊர்களிலிருந்து இந்த ஒரு பாட்டைப் பற்றியே கடிதங்கள் வந்திருக்கின்றன. மனசு நிறைந்துவிட்டது. அதனால் இந்த இதழில் முழுக்க இதுதான்.

கே: என் மகன் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மொட்டை மாடியில் இந்தப் பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். என்னதான் இருக்கிறது என்று நானும் கூட உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் ஆச்சு, ஏழு நிமிடம் ஆச்சு, யாரும் பாடுகிற மாதிரித் தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். பாட்டு எப்போதான் தொடங்கும்?
— ஒரு வாசகி, தங்கச்சிமடம்

ப: அம்மா, எட்டரை நிமிடம் தாண்டித்தான் குரல் வரும். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் பிடித்திருப்பீர்கள். மகன் கேட்கிற பாட்டை அவனோடு உட்கார்ந்து கேட்டீர்களே, அதற்கே உங்களுக்கு என் நன்றி.

அந்த எட்டரை நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், அடுத்த முறை காதுக்கு ஒரு பிடி கிடைக்கும். முதலில் எங்கோ தூரத்திலிருந்து வருவது போல கீபோர்டு ஓசை ஒன்று மெல்ல எழும்பும். வாசிப்பவர் ரிச்சர்ட் ரைட். ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு அது நகராமல் நிற்க, அதன் மேல் மினிமூக் என்ற சின்தசைசரில் ஒரு மெட்டு கொம்பு ஊதுவது போல வரும். பிறகு டேவிட் கில்மோரின் கிட்டார். அவசரமே கிடையாது அவருக்கு, ஒரு சுரத்தை மீட்டிவிட்டு அது தானாக ஓயும் வரை விட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறார். நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் அடங்கி, கிட்டார் மட்டும் தனியாக நான்கு சுரங்களை வாசிக்கும். டிரம்ஸ் அதற்கப்புறம்தான் உள்ளே வரும். மறுபடி கிட்டார், மறுபடி கீபோர்டு, அதெல்லாம் ஆன பிறகு ரோஜர் வாட்டர்ஸ் பாடத் தொடங்குகிறார்.

கோயில் புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் கீர்த்தனையைத் தொடுவதற்கு முன் நின்று நிதானமாக ராகத்தை விரித்து வாசிக்கும்போது, பாட்டு எப்போது வரும் என்று நாம் யாரும் கேட்பதில்லை. ராகமே பாட்டுதான் என்று நமக்குப் பழகிவிட்டது. இதையும் அந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்று. இந்தப் பாட்டு கூட இருந்து விலகிப்போன ஒரு நண்பரைப் பற்றியது. அவர் இப்போது இங்கே இல்லை, விஷயமே அதுதான். அதை வார்த்தையில் சொல்வதற்கு முன் நம்மையும் எட்டரை நிமிடம் ஒரு குரலுக்காகக் காக்க வைக்கிறார்கள். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமலே காத்திருக்கிறோம். அப்புறம் குரல் வரும்போது அது அந்த நண்பரின் சின்ன வயதைச் சொல்லித் தொடங்குகிறது. எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்தது அந்தக் காத்திருப்புதான். நேராகக் குரலுக்குத் தள்ளிவிட்டுக் கேட்டால் பாதிப் பாட்டு கைநழுவிப் போய்விடும்.

கே: யார் அந்த நண்பர்? செத்துப்போனவரா?
— ஒரு வாசகர், கீழக்கரை

ப: பாட்டு எழுதும்போது உயிரோடுதான் இருந்தார். அதுதான் இதில் கனமான விஷயம்.

அவர் பெயர் சிட் பாரெட். 1946-ல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்று அமெரிக்காவில் இரண்டு ப்ளூஸ் பாடகர்கள் இருந்தார்கள், அந்த இரண்டு பெயரையும் சேர்த்துக் குழுவுக்குப் பெயர் வைத்ததே இவர்தான். 1967-ல் வந்த முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகள் இவர் எழுதியவை. பாடுவார், கிட்டார் வாசிப்பார், ஓவியம் வரைவார், பார்க்கவும் அழகாக இருப்பார். குழுவின் உயிரே அவர்தான் என்று இருந்த சமயத்தில், அதே 1967 கடைசியில், மனம் நிலைகுலையத் தொடங்கியது. எல்.எஸ்.டி. போதைப் பழக்கமும் இருந்தது. மேடையில் ஏறி வாசிக்காமல் நிற்பார், அல்லது ஒரே கார்டை (பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்க விடுவது) திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார். அவருடைய சிறுவயது நண்பரான டேவிட் கில்மோரையே கூடுதல் கிட்டாருக்கு அழைத்து வந்தார்கள். கொஞ்ச நாள் ஐந்து பேராக மேடை ஏறினார்கள். 1968 ஜனவரியில் சவுத்தாம்ப்டனில் ஒரு கச்சேரி. போகிற வழியில் சிட்டைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வேண்டாம் என்று முடிவு செய்து, அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்கள்.

அப்படித்தான் முடிந்தது. சண்டை கிடையாது, வழியனுப்பு கிடையாது. 1970-ல் அவர் தனியாக இரண்டு ஆல்பம் போட்டார், அதைப் பதிவு செய்ய கில்மோரும் வாட்டர்ஸும் ரைட்டும் உதவினார்கள். பிறகு கேம்பிரிட்ஜுக்கே திரும்பி, படம் வரைந்துகொண்டும் தோட்ட வேலை செய்துகொண்டும் ஒதுங்கி வாழ்ந்து, 2006 ஜூலை 7-ல் தன் 60-வது வயதில் காலமானார்.

கூப்பிடாமல் விட்டுவிட்டுப் போன ஒரு நாளை குழுவின் மற்ற நால்வரும் ஏழு வருஷம் மனசில் சுமந்துகொண்டிருந்தார்கள் என்றுதான் இந்தப் பாட்டைக் கேட்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

கே: நான் கல்லூரியில் படிக்கிறேன், கிட்டார் பழகுகிறேன். அந்த நான்கு சுரங்கள் என்ன? அதில் ஏன் அப்படி ஒரு வலி? கூடவே ஒரு சந்தேகம்: எங்கள் ஊர்க் காற்றில் கம்பி சீக்கிரமே கறுத்துப்போகிறது, என்ன செய்வது?
— ஒரு மாணவர், தேவிபட்டினம்

ப: தம்பி, மேற்கத்திய முறையில் பி ஃபிளாட், எஃப், ஜி, ஈ. ஜி-யை சட்ஜமாக வைத்துக்கொண்டால் க, நி, ச, த. முதல் சுரத்திலிருந்து எம்பி இரண்டாவதுக்குப் போகும், கீழே இறங்கி மூன்றாவது, மறுபடி எம்பி நான்காவது. நான்கையும் வாசித்துவிட்டு விரலை எடுத்துவிடக் கூடாது, ஒன்றின் மேல் ஒன்று ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வலி எங்கே இருக்கிறது என்றால் அந்த நான்காவது சுரத்தில். பாட்டு ஜி மைனரில் போகிறது. நம் கணக்கில் அது நடபைரவியின் சுரங்கள், தைவதம் தாழ்ந்த வகையான சுத்த தைவதமாக இருக்க வேண்டும். முதல் மூன்று சுரமும் அந்த வீட்டுக்குள்ளேயேதான் இருக்கின்றன. நான்காவதாக வருவது அதைவிட அரைச் சுரம் உயர்ந்த சதுச்ருதி தைவதம், அதாவது கரகரப்ரியாவின் தைவதம். இரண்டு ராகத்துக்கும் அந்த ஒரு சுரத்தில் மட்டும்தான் வித்தியாசம், அந்த ஒரு சுரத்தைக் கடைசியில் கொண்டுபோய் வைத்துவிட்டு அப்படியே ஒலிக்க விடுகிறார் கில்மோர். காது ஒன்றை எதிர்பார்க்கிறது, வருவது வேறு. கீபோர்டில் ஜி-யை அழுத்திப் பிடித்துக்கொண்டு நான்காவது சுரத்தை ஒரு தடவை ஈ ஃபிளாட்டாகவும் ஒரு தடவை ஈ-யாகவும் வாசித்துப் பாருங்கள். ஈ ஃபிளாட்டில் வெறும் சோகமாக முடிந்துவிடும். ஈ-யில் முடியவே முடியாது, கேள்வி மாதிரி நிற்கும்.

1974-ன் தொடக்கத்தில் லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியில் ஒத்திகை அறை ஒன்றில் கில்மோர் கைபோன போக்கில் வாசித்தபோது கிடைத்த சுரங்கள் இவை. வாட்டர்ஸ் காதில் அது விழுந்ததும் சிட்டின் நினைவு வந்து, அதிலிருந்துதான் பாட்டு வரிகளை எழுதினார். மொத்தமாக 26 நிமிடம் ஓடும் ஒரு பாட்டு இந்த நான்கு சுரத்திலிருந்து முளைத்தது.

கம்பி விஷயம்: உப்புக் காற்று, விரல் வியர்வை இரண்டும் சேர்ந்துதான் கறுக்க வைக்கின்றன. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியாக, அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். கிட்டாரைச் சுவரில் திறந்தபடி மாட்டாதீர்கள், பைக்குள் வைத்து மூடுங்கள், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு வையுங்கள். பூச்சுப் பூசிய கம்பி கடையில் கிடைக்கும். விலை கூடத்தான், ஆனால் கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

கே: தொடக்கத்தில் கண்ணாடிக் கிளாஸை வைத்துச் சத்தம் எழுப்பியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் சில்வர் டம்ளரில் முயற்சி செய்தேன், ஒன்றும் வரவில்லை. அது ஜலதரங்கமா?
— ஒரு வாசகர், பாம்பன்

ப: கேள்விப்பட்டது சரிதான். ஜலதரங்கத்தில் கிண்ணங்களைக் குச்சியால் தட்டுவோம். இதில் தட்டுவது கிடையாது, ஈர விரலால் விளிம்பைச் சுற்றி வருடுவது. விரல் பிடிப்பதும் வழுக்குவதுமாக மிக வேகமாக மாறி மாறி நடக்கும்போது கண்ணாடி அதிரும், அந்த அதிர்வுதான் ஓசை. சில்வர் டம்ளரில் விளிம்பு மடித்திருக்கும், அதனால் வராது. காம்பு வைத்த மெல்லிய கண்ணாடிக் கிளாஸ் வேண்டும். விரலைச் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிவிட்டு, நனைத்து, இன்னொரு கையால் அடிப்பாகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். தண்ணீர் கூடக் கூடச் சுருதி இறங்கும்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1973 மார்ச்சில் வந்த அவர்களுடைய 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' உலகம் முழுக்க விற்றுத் தள்ளியது. அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. சரி, வாத்தியமே இல்லாமல் வீட்டுச் சாமான்களை வைத்து ஒரு ஆல்பம் போடுவோம் என்று ரப்பர் பேண்டை இழுத்தும், மரத்தை அறுத்தும், ஸ்பிரே டப்பாவை அழுத்தியும் வாரக்கணக்கில் ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். கைகூடவில்லை, விட்டுவிட்டார்கள். மிஞ்சியது கண்ணாடிக் கிளாஸ் ஓசை. ஒவ்வொரு கிளாஸிலும் தண்ணீர் அளவை மாற்றிச் சுருதி சேர்த்து, தனித்தனியாகப் பதிந்து, டேப்பில் ஒன்றுசேர்த்துக் கார்டுகளாக ஆக்கி வைத்திருந்தார்கள். அதைத்தான் இந்தப் பாட்டின் தொடக்கத்தில் கீபோர்டு ஓசைக்கு அடியில் கலந்தார்கள். தனியாக அந்த ஒலிப்பதிவு எப்படி இருந்தது என்று கேட்க வேண்டுமென்றால், 2011-ல் வந்த மறுபதிப்புத் தொகுப்பில் 'ஒயின் கிளாசஸ்' என்ற பெயரில் சேர்த்திருக்கிறார்கள்.

கே: ஒலிப்பதிவு சுலபமாக முடிந்ததா?
— ஒரு வாசகர், பெரியபட்டினம்

ப: இல்லை. 1975 ஜனவரியில் அபே ரோடு ஸ்டுடியோவில் தொடங்கி ஜூலை வரை இழுத்தது. நடுவில் இரண்டு முறை அமெரிக்கச் சுற்றுப்பயணம் வேறு. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்ட பிறகு வரும் ஒரு வெறுமை இருக்கிறதே, அதில் நால்வரும் சிக்கியிருந்தார்கள். ஸ்டுடியோவுக்கு வருவார்கள், வேலையில் மனசு ஒட்டாது. ஒலிப்பதிவாளர் பிரையன் ஹம்ப்ரீஸுக்கு அந்த ஸ்டுடியோவின் கருவிகள் புதிது. கஷ்டப்பட்டுப் பதிந்த அடிப்படைத் தடங்களில் தவறுதலாக எதிரொலி ஏறிவிட்டது. எடுக்க முடியாது என்று தெரிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். ஆல்பத்தில் இந்தப் பாட்டு இரண்டு பாகமாக இருக்கிறது, முதல் பாகத்தின் முடிவில் வரும் சாக்ஸபோன் டிக் பாரி வாசித்தது. கனத்த ஓசை தரும் பாரிடோன் சாக்ஸபோனில் தொடங்கி, அதைவிட மேல் சுருதியில் ஒலிக்கும் டெனார் சாக்ஸபோனுக்கு மாறுவார், அந்த இடத்தில் தாளத்தின் ஓட்டமும் இரட்டிப்பானது போலக் கேட்கும். கவனித்துக் கேளுங்கள், நல்ல இடம்.

கே: ஒரே பாட்டை ஆல்பத்தின் முதலிலும் கடைசியிலும் ஏன் இரண்டாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள்?
— ஒரு வாசகி, உச்சிப்புளி

ப: அது வாட்டர்ஸின் யோசனை. மேடையில் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்த வேறு இரண்டு நீளப் பாட்டுகளை மறுபக்கத்தில் வைத்து, இதை ஒரு பக்கம் முழுக்கப் போட வேண்டும் என்பது கில்மோரின் விருப்பம். வாட்டர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. கூட இருந்த ஒருவர் இல்லாமல் போவது, மனசு வேறெங்கோ போய்விடுவது, அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே ஆல்பம் இருக்கட்டும், இதை இரண்டாக்கி முன்னும் பின்னும் வைத்து நடுவில் புதுப் பாட்டு எழுதுவோம் என்றார். வாக்கெடுப்பில் அவர் பக்கம் ஜெயித்தது. ஒதுக்கி வைத்த இரண்டு பாட்டும் 1977-ல் 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் 'ஷீப்', 'டாக்ஸ்' என்று உருமாறி வந்தன. வாட்டர்ஸ் சொன்னதுதான் சரி என்பது என் கருத்து. முதல் பாகத்தில் கூப்பிட்டுவிட்டு, நடுவில் இசைக் கம்பெனிகளின் பேராசையைப் பற்றி இரண்டு பாட்டு, பிரிவைப் பற்றி ஒரு பாட்டு, எல்லாம் கடந்து மறுபடி அதே ஆளிடம் திரும்பும்போதுதான் அவரை மறக்க முடியவில்லை என்பது உறைக்கிறது. கடைசிப் பாகம் அடங்கும் இடத்தில் ரைட் தன் கீபோர்டில், சிட் 1967-ல் எழுதிய 'சீ எமிலி ப்ளே' பாட்டின் மெட்டிலிருந்து ஒரு துண்டை வாசிப்பார். ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டால் பிடிபடும்.

கே: இன்று தலைசிறந்த ஆல்பம் என்கிறார்கள். வந்த புதிதில் பத்திரிகைகள் திட்டினவாமே, நிஜமா?
— ஒரு வாசகர், இராமநாதபுரம்

ப: நிஜம்தான், அதுவும் வெளிவருவதற்கு முன்பே. பாட்டைப் பதிவு செய்வதற்கு முன் 1974 கோடையில் பிரான்சிலும், நவம்பர், டிசம்பரில் இங்கிலாந்திலும் மேடையில் வாசித்தார்கள். வெம்ப்ளி கச்சேரியைக் கேட்ட 'என்.எம்.இ.' பத்திரிகையின் நிக் கென்ட், குழுவுக்கு உயிர்ப்பே போய்விட்டது என்கிற தொனியில் கிழித்து எழுதினார், கில்மோரின் தலைமுடி சுத்தமாக இல்லை என்பது வரை. ஆல்பம் வந்த பிறகு 'மெலடி மேக்கர்' பத்திரிகை, இதன் உருக்கம் நம்பும்படி இல்லை, கற்பனையும் வறண்டிருக்கிறது என்றது. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் பென் எட்மண்ட்ஸ் எழுதியதுதான் மிகவும் குத்தியது. சிட்டைப் பற்றிப் பாடுகிறார்கள், ஆனால் வாட்டர்ஸின் மைத்துனருக்கு வண்டி நிறுத்தியதற்கு அபராதம் விழுந்ததைப் பற்றிப் பாடினாலும் இதே தொனியில்தான் பாடியிருப்பார்கள் என்று எழுதினார். எல்லாரும் திட்டினார்கள் என்றும் சொல்ல முடியாது. ராபர்ட் கிறிஸ்ட்கௌ முந்தைய ஆல்பத்தைவிட இதையே மேலாக மதித்தார். மக்கள் விமர்சனத்துக்குக் காத்திருக்கவில்லை. இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டிலும் முதலிடம், கேட்கிற அளவுக்குத் தட்டு அச்சடித்துக் கொடுக்க முடியாமல் கம்பெனி திணறியது.

எட்மண்ட்ஸ் சொன்னதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். வாட்டர்ஸ் உருகிப் பாடவில்லை என்பது உண்மை, குரலில் அழுகை கிடையாது. ஆனால் அதற்கு முந்தைய எட்டரை நிமிடத்தை எட்மண்ட்ஸ் கணக்கில் சேர்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அழ வேண்டியதையெல்லாம் கிட்டார் அழுது முடித்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் குரல் மேலும் அழுதிருந்தால் அது மிகையாகியிருக்கும், இன்று யாரும் கேட்டிருக்கவும் மாட்டோம். விமர்சகர்கள் பாட்டு தொடங்குவதற்காகக் காத்திருந்தார்கள். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டவர்களுக்குப் பாட்டு முதல் நொடியிலேயே தொடங்கிவிட்டது. கில்மோர், ரைட் இருவருமே தங்களுக்கு மிகவும் பிடித்த ஆல்பம் இதுதான் என்று பின்னாளில் சொன்னார்கள்.

கே: இந்தப் பாட்டை மெருகேற்றிக்கொண்டிருந்தபோது சிட்டே ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றார் என்பது கட்டுக்கதைதானே?
— ஒரு வாசகர், மண்டபம்

ப: கட்டுக்கதை இல்லை. 1975 ஜூன் 5, அபே ரோடு. உடம்பு பருத்து, தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்ட ஒருவர் ஸ்டுடியோவுக்குள் இருந்தார். ரைட், இவர் வாட்டர்ஸுக்குத் தெரிந்தவர் போலிருக்கிறது என்று நினைத்தார். கில்மோர், கம்பெனி ஊழியர் என்று நினைத்தார். சிட் என்று உறைக்க நேரமாயிற்று. அப்போது அவருக்கு வயது 29. அடையாளம் தெரிந்ததும் வாட்டர்ஸ் அழுதுவிட்டார். அந்த நேரத்தில் எந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்பதில் அங்கே இருந்தவர்களின் நினைவுகள் ஒத்துப்போவதில்லை, இந்தப் பாட்டுதான் என்பது ரைட் சொன்னது. சிட் என்ன பேசினார் என்று பல வசனங்கள் உலவுகின்றன, அவற்றை நான் இங்கே எடுத்து எழுதப் போவதில்லை.

கே: எங்கள் ஊரில் மனம் கலங்கியவர்களைக் கூட்டி வந்து விட்டுவிட்டுப் போகும் குடும்பங்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். நண்பருக்குப் புத்தி பேதலித்ததை வைத்துப் பாட்டுப் போட்டுப் பணம் பண்ணியது நியாயமா?
— ஒரு வாசகி, ஏர்வாடி

ப: வந்த கடிதங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான் சகோதரி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் உங்கள் ஊரில் மனநலக் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அதைப் பார்த்த ஊரிலிருந்து கேட்கிற கேள்வி இது. மேலோட்டமாகப் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், அதில் கேலி கிடையாது, உபதேசமும் கிடையாது. நோய்க்குப் பெயர் வைக்கவில்லை. நீ எவ்வளவு பிரகாசமாக இருந்தாய் என்று சொல்கிறது, புகழ் உன்னை எப்படிச் சுட்டது என்று சொல்கிறது, திரும்பி வா என்று அழைக்கிறது. மனம் கலங்கியவரை அப்படி அழைக்கிற பாட்டுகள் எந்த மொழியிலும் குறைவு. சிட் எழுதிய பழைய பாட்டுகளைத் தங்கள் தொகுப்புகளில் சேர்த்து, அதற்குரிய ராயல்டி அவருக்குப் போய்ச் சேரும்படி கில்மோர் பார்த்துக்கொண்டார் என்பதும் பதிவான விஷயம்.

பணம் பண்ணினார்கள் என்பதைவிட எனக்கு உறுத்துவது வேறு. 1975-க்குப் பிறகு சிட் இன்னும் 31 வருஷம் வாழ்ந்தார். அந்த வருஷங்களில் அவரைப் பார்த்துக்கொண்டது அவருடைய குடும்பம்தான், முக்கியமாகத் தங்கை. ரசிகர்களும் நிருபர்களும் கேம்பிரிட்ஜில் அவர் வீட்டு வாசலில் போய்த் தொந்தரவு செய்தார்கள். பழைய நண்பர்கள் போய்ப் பார்க்கவில்லை. பழைய நாட்களை நினைவுபடுத்தினால் அவர் கலங்கிவிடுகிறார் என்று குடும்பத்தார் விலகி இருக்கச் சொன்னதும் அதற்கு ஒரு காரணம். இருந்தாலும் ஒரு தடவையாவது போய்க் கதவைத் தட்டியிருக்கலாம் என்று கில்மோரே பின்னாளில் வருந்தியிருக்கிறார். பாட்டு உண்மையானது என்று நான் நம்புகிறேன். ஆனால் நோயாளிக்குத் தினமும் சோறு போட்டு மாத்திரை கொடுத்துப் பக்கத்தில் இருக்கிறவர் செய்வதற்கு எந்தப் பாட்டும் ஈடாகாது. உங்கள் கேள்வி அந்த இடத்திலிருந்துதான் வருகிறது என்று புரிகிறது.

கே: ஆல்பத்தின் அட்டையில் தீப்பிடித்த ஆள் கிராபிக்ஸா?
— ஒரு வாசகர், தொண்டி

ப: 1975-ல் ஏது கிராபிக்ஸ்? நிஜ நெருப்பு. ரானி ராண்டெல் என்ற சண்டைக் கலைஞர் தீப்பிடிக்காத உடைக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு தன்னைக் கொளுத்திக்கொண்டு நின்றார். இடம் அமெரிக்காவில் வார்னர் பிரதர்ஸ் படப்பிடிப்புத் தளம். ஒரு தடவை காற்று திசை மாறி மீசை கருகிவிட்டது. அந்தப் படத்தையும் கறுப்பு பிளாஸ்டிக் உறையில் மூடித்தான் கடைக்கு அனுப்பினார்கள்.

கே: இந்தப் பாட்டில் வாசித்த கிட்டார் ஏலம் போனதாமே?
— ஒரு வாசகர், சாயல்குடி

ப: கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர். 2019 ஜூனில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39.75 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைக்கு விற்ற தன் கிட்டார்கள் எல்லாவற்றின் பணத்தையும், பருவநிலை மாற்றத்துக்கு எதிராகச் சட்ட வழியில் போராடும் 'கிளையன்ட் எர்த்' அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். கடல் ஊருக்குள் வருவதைக் கண்ணால் பார்க்கிற நமக்கு அது சந்தோஷமான செய்திதான்.

கே: அண்ணே, நான் விசைப்படகில் போகிறவன். தடைக்காலத்தில் வீட்டில் இருந்தபோது உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு இந்தப் பாட்டைக் கேட்டேன், அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது கடலில் ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டால் இன்ஜின் சத்தத்தில் முதல் நாலு நிமிடம் காதிலேயே விழவில்லை. வழி இருக்கா?
— ஒரு வாசகர், இராமேஸ்வரம்

ப: தம்பி, ஸ்பீக்கரை எவ்வளவு கூட்டினாலும் அது நடக்காது. இன்ஜினின் உறுமல் இருக்கும் அதே தாழ்ந்த ஓசையில்தான் ரைட்டின் கீபோர்டும் இருக்கிறது, பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை விழுங்கிவிடும். கூட்டக் கூட ஸ்பீக்கர் பிளிறும், அவ்வளவுதான். ஹெட்போன் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். சுக்கான் பிடிக்கிற நேரத்திலும் வலை இழுக்கிற நேரத்திலும் தயவுசெய்து காதை அடைத்துக்கொள்ளாதீர்கள், பக்கத்துப் படகின் சத்தமும் கூட இருப்பவர் போடும் கூப்பாடும் காதில் விழ வேண்டும். முதல் பாகத்தைக் கரைக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு வீட்டில் கேளுங்கள். படகில் கேட்டே ஆக வேண்டும் என்றால் ஆல்பத்தின் கடைசியில் இருக்கும் இரண்டாம் பாகத்தைப் போடுங்கள். அது தொடங்குவதே காற்று வீசும் சத்தத்தில்தான், உடனே பேஸ் கிட்டார் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும், இன்ஜினை மீறிக் கேட்கும். குரலும் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடும்.